தர்மபுரி லேஅவுட் பூங்கா 40 சென்ட்: எந்த மரம், எந்தச் செடி?

#1 மேட்டு_லேஅவுட்

வணக்கம். தர்மபுரி டவுனை ஒட்டிய லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட பொது இடம் 40 சென்ட். கிழக்கு மேற்காக 60 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம். வடக்கு ஓரம் முழுக்க எல்.டி. (தாழ்வழுத்த) கரண்ட் லைன் போகிறது. மேற்கே ரோடு, கிழக்கே மழைநீர் ஓடை, தெற்கே வீட்டுக் காம்பவுண்டுகள். மேலே 2 அடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல் கலந்த இறுகிய அடுக்கு), அப்புறம் பாறை. ஓடைப் பக்கம் மட்டும் மண் ஆழம். தண்ணீர் போர்வெல்தான், நல்ல உப்பு, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400 காட்டுகிறது.

கான்ட்ராக்டர் கொடுத்த பட்டியல்: சுற்றிலும் நெட்டிலிங்கம், ரோட்டோரம் கோனோகார்பஸ், உள்ளே குல்மோகர், வாசலில் ராயல் பாம், பாதையோரம் இட்லிப்பூவும் கோல்டன் டுரான்டாவும், நடுவில் 5,000 சதுர அடிக்குக் கொரியன் புல். மொத்தம் 200 கன்று. இதில் ரோட்டோரம் 14 கோனோகார்பஸ் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, இப்போது ஆள் உயரம். மீதிக்குப் பணம் கொடுக்கும் முன் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

#2 கல்லுக்கட்டு

முதலில் 200 என்கிற எண்ணைத் தூக்கிப் போடுங்க. பூங்காவில் எண்ண வேண்டியது கன்றை இல்லை, நிழலை.

உங்கள் 40 சென்ட் என்பது ஏறத்தாழ 1,620 சதுர மீட்டர். பாதி இடத்துக்கு நிழல் போதும், மீதி பாதை, விளையாட, வெயில் வேண்டிய செடிகள். அப்படியானால் இலக்கு 800 சதுர மீட்டர் விரிப்பு. 10 மீட்டர் விரியும் பெரிய மரம் ஒன்று 78 சதுர மீட்டர் மூடும். 6 மீட்டர் விரியும் நடுத்தர மரம் 28. ஐந்து பெரியது, பதினாலு நடுத்தரம் வைத்தால் கணக்கு நேராகிவிடும். 19 மரம். கம்பிக்குக் கீழே வரும் சின்ன மரங்கள் தனி.

200 கன்றை அதே இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஆளுக்கு 8 சதுர மீட்டர். எல்லாம் ஒன்றையொன்று முந்தி மேலே ஓடி, தண்டு மெலிந்து, தலை மட்டும் கனத்து, கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றில் சாயும். நெட்டிலிங்கம் வேறு: எத்தனை வைத்தாலும் கீழே உட்கார நிழல் கிடையாது.

பெரிய மரங்கள் எங்கே என்பதும் முக்கியம். நம்ம ஊர் 12 டிகிரி வடக்கு. சித்திரையில் உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, மரத்தின் நிழல் மரத்தடியிலேயே விழும். பூங்காவுக்கு ஆள் வருவது நாலு மணிக்கு மேல். அந்த நேரம் சூரியன் மேற்கே 35 டிகிரி உயரத்தில் நிற்கும், 10 மீட்டர் மரத்தின் நிழல் 14 மீட்டர் கிழக்கே நீளும். அதனால் பெரியதில் மூன்றையாவது மேற்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து 5, 6 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்க. குழந்தைகள் ஊஞ்சல் அதற்குக் கிழக்கே. கிழக்கு ஓரத்தில் வைக்கும் மரத்தின் சாயங்கால நிழல் ஓடையில்தான் விழும்.

#3 நாற்றுப்பை

பட்டியலில் செடிகளைப் பற்றி நான் சொல்கிறேன். இட்லிப்பூவை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு கலந்த மண், கடினத் தண்ணீர் இரண்டும் சேர்ந்தால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. முதல் மழைக்காலத்தில் பளபளவென்று இருக்கும். போர்வெல் தண்ணீர் ஆறு மாதம் பாய்ந்ததும் புதுத் துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பிறகு வெளுத்து, ஓரம் கருகி, பூ நின்றுபோகும். ஆட்கள் அதைப் பார்த்து யூரியா போடுவார்கள், பயன் இருக்காது.

மருந்து உண்டு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து 15 நாளுக்கு ஒருமுறை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். தெளிப்பை நிறுத்தினால் மறுபடி மஞ்சள். கடையில் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை இரும்பு, காரத்தன்மை கூடிய மண்ணில் சீக்கிரமே வீணாகிவிடும். இடிடிஎச்ஏ (EDDHA) வகை நிற்கும், விலை அதிகம். பொதுப் பூங்காவுக்கு யார் ஆயுசு முழுக்கத் தெளிப்பது? வீட்டுத் தொட்டியில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

டிரசீனா, கார்டிலைன் யாராவது சேர்க்கச் சொன்னால் அதற்கும் தலையாட்ட வேண்டாம். ஃப்ளோரைடுக்கு நுனி கருகும் செடிகள் என்று நர்சரித் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவை இவை. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பாலும் அதே மாதிரி நுனி கருகும், பார்த்துப் பிரிப்பது கஷ்டம். எதனால் என்றாலும் செடி அழகு போய்விடும்.

கோல்டன் டுரான்டா சாகாது. ஆனால் மாதம் ஒருமுறை கத்தரிக்கா விட்டால் காடாகும், வெயில் படாத பக்கம் மஞ்சள் நிறமே வராது. கத்தரிக்கிற கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#4 சனத்குமார்நதி

புல்லைப் பத்தி யாரும் பேசலையே. 5,000 சதுர அடின்னா 465 சதுர மீட்டர். கோடையில கொரியன் புல்லு பச்சையா நிக்கணும்னா சதுர மீட்டருக்குத் தினம் 4லிருந்து 5 லிட்டர். அதாவது நாளுக்குச் சுமார் 2,000 லிட்டர். கல்லுக்கட்டு சொன்ன 19 மரத்துக்கு மூணு நாளைக்கு ஒருதரம் தலா 20 லிட்டர் ஊத்துனா மாசத்துக்கே 3,800 லிட்டர்தான் ஆகும். புல்லுக்கு ரெண்டு நாள் விடுற தண்ணி, மரத்துக்கு ஒரு மாசம் வரும்!

போர் வத்துற சித்திரை வைகாசியில புல்லுக்கா மரத்துக்கான்னு சண்டை வரும், கண்ணுக்குத் தெரியுதேன்னு புல்லுக்குத்தான் பைப்பைத் திருப்புவாங்க. புல் வேணும்னா ஊஞ்சல் பக்கம் 500 சதுர அடி போதும். மீதி இடத்துல அருகம்புல் தானா வரட்டும். மழைக்குப் பச்சை, கோடைக்குக் காய்ச்சல், மறுபடி மழைக்குப் பச்சை.

சொட்டுநீர் போடறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. இந்தத் தண்ணிக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டுற டிரிப்பர் சீக்கிரமே சுண்ணாம்பு கட்டி அடைச்சுக்கும். அடைச்சது வெளியே தெரியாது, மரம் வாடின பிறகுதான் தெரியும். அமிலம் விட்டுக் கழுவ ஆள் இருந்தா சரி. இல்லைன்னா பெரிய துளை பப்ளர் (தண்ணி குபுகுபுன்னு வர்ற முனை) வைங்க, இல்லை மரத்துக்கு ஒரு கேட்வால்வு திறப்பு வெச்சு வட்டப்பாத்தி நிரப்புங்க. லேட்டரல் (டிரிப்பர் மாட்டுற கிளைக் குழாய்) கடைசி மூடியைத் திறந்து வாரம் ஒருதரம் கசடு வெளியேத்தணும்.

#5 கிளுவைவேலி

மரப் பட்டியல் என் தரப்பிலிருந்து. தொப்பூர் மலையிலும் பென்னாகரம் பக்கத்துக் காடுகளிலும் எது தானாக நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பெரிய ஐந்து: ஓடையோரம் நீர்மருது ஒன்று, இலுப்பை ஒன்று. மேற்கே வேம்பு ஒன்று, புளி ஒன்று, ஆச்சா ஒன்று. நீர்மருதைப் பாறை மேட்டில் வைத்தால் வளராது, ஈரம் எட்டும் இடம் வேண்டும். ஆச்சா நேர்மாறு, கல்லிடுக்கில் வேர் விடும் மரம். ஆனால் அதன் ஆணிவேர் கன்றிலேயே மிக நீளமாகப் போய்விடும். பையில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த கன்று வாங்கினால் வேர் சுருண்டிருக்கும், பாறையை எட்டவே எட்டாது. ஓரடி உயரக் கன்றாக வாங்கி மழையில் வைக்க வேண்டும். இரண்டு வருடம் ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்கும், பிறகு எழும். இலுப்பையும் புளியும்கூட அவசரத்துக்கு ஆகாது.

நடுத்தரத்தில் புங்கன், மகிழம், பூவரசு, சரக்கொன்றை. கம்பிக்குக் கீழே வெப்பாலை, பவளமல்லி, மஞ்சள் மந்தாரை, கறிவேப்பிலை.

குல்மோகர் வேண்டவே வேண்டாம். கிளை முறியும், வேர் மேலாகவே ஓடிப் பாதையைத் தூக்கும், பூக்கும் இரண்டு மாதம் தவிர மற்ற நாளில் கொடுப்பது அரை நிழல். பூ வேண்டுமென்றால் சரக்கொன்றை இருக்கிறதே. சித்திரையில் இலை உதிர்த்து மஞ்சளாகத் தொங்கும்.

#6 ஓசூர்க்குளிர்

ஜக்கரண்டா, சில்வர் ஓக் வைக்கலாமே? ஓசூரில் ரோட்டோரம் நீலமாகப் பூத்து அருமையாக இருக்கிறது. ஒரே மாவட்டமாக இருந்த ஊர்தானே.

#7 நாற்றுப்பை

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதிதான். ஜக்கரண்டா இங்கேயும் உயிரோடு வளரும், பூ மட்டும் ஓசூர் மாதிரி வராது. சில்வர் ஓக் இந்த வெயிலுக்கும் சுக்கானுக்கும் ஒத்துவராது. கிருஷ்ணகிரி டவுனும் தர்மபுரி கணக்குத்தான். ராயக்கோட்டை ஏறிய பிறகு வேறு பட்டியல்.

#8 கல்லுக்கட்டு

கிளுவைவேலி பட்டியலோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு, ஒரு திருத்தம். புங்கன், சரக்கொன்றை, புளி, ஆச்சா, மந்தாரை எல்லாம் ஒரே அவரைக் குடும்பம். 1990-ல் அமெரிக்காவில் சாண்டமூர் என்ற ஆய்வாளர் நகர மரங்களுக்கு ஒரு வரம்பு சொன்னார்: ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30. ஒரு பூச்சியோ பூஞ்சாணமோ வந்தால் மொத்தமும் போகக் கூடாது என்பதற்காக. நம்ம ஊரில் நாட்டு மரம் என்று பார்த்து எடுத்தாலே பாதி அவரைக் குடும்பத்தில் விழும், தெரியாமலே 60 சதவீதம் போய்விடும்.

19 மரத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே பிடிக்க முடியாது, இனத்துக்கு இரண்டு என்று வைத்தால் வரிசை ஒழுங்கே இருக்காது. ஆனால் நடுத்தரம் பதினாலில் புங்கனும் சரக்கொன்றையும் சேர்ந்து ஐந்தைத் தாண்ட வேண்டாம். மகிழம் நாலு, பூவரசு மூன்று, மீதி இரண்டுக்கு நாவல் வைக்கலாம், பாதைக்கு மேலே வராத இடமாக. பழம் விழுந்தால் கல்லில் கறை போகாது, வழுக்கும்.

#9 சனத்குமார்நதி

வேம்பு ஒண்ணுக்கு மேல வேண்டாம்னு நானும் சொல்றேன். மழைக்காலத்துல நுனிக்கிளை எல்லாம் தீயில வாட்டின மாதிரி காயுது பாருங்க, அது தேயிலைக் கொசுங்கற பூச்சி சாறு உறிஞ்சறதும் ஃபோமாப்சிஸ் பூஞ்சாணமும் சேர்ந்த வேலை. பெரிய மரம் கோடையில துளிர்த்துத் தப்பிச்சுக்கும், அதை வெட்டிடக் கூடாது. ரெண்டு வருசக் கன்னுக்கு மூணு தரம் நுனி காஞ்சா புதர் மாதிரி ஆயிடும், நேர்த்தண்டு வராது. காஞ்ச நுனியைப் பச்சை தெரியற இடத்துக்கு அரையடி கீழே வெட்டி எரிச்சிரணும், குப்பையில போடக் கூடாது.

புங்கன் இலையில கொப்புளம் கொப்புளமா வந்தா பயந்து மருந்து அடிக்காதீங்க. அது சிலந்திப்பேன் கட்டுற முடிச்சு. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது.

#10 கம்பிக்குக்கீழே

வடக்கு ஓரம் பற்றி மட்டும். எல்.டி. கம்பி தரையிலிருந்து ஆறு மீட்டர் சுமாருக்கு இருக்கும், நடுவில் தொய்வு உண்டு. கம்பிக்கு நேர் கீழே முதிர்ந்தாலும் 4 மீட்டர் தாண்டாத செடி மட்டும் வைக்க வேண்டும். மஞ்சள் மந்தாரை சரி. பவளமல்லி, கறிவேப்பிலை இரண்டையும் அந்த உயரம் தாண்டாமல் கத்தரித்தால் சரி. வெப்பாலை 7 மீட்டரைத் தாண்டியும் போகும், அதைக் கம்பியிலிருந்து 3 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். பெரிய மரம் என்றால் கம்பியிலிருந்து 8 மீட்டராவது.

தள்ளி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மழைக்கு முன்னால் ஆட்கள் வந்து நடுத்தலையை வெட்டிவிட்டுப் போவார்கள். வெட்டிய இடத்தில் பத்து துளிர் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். அவை மரக்கட்டையோடு சரியாகப் பிடிப்பு இல்லாமல் பட்டையோரம் ஒட்டி நிற்கும், நாலு வருடத்தில் கனத்துப் பிய்ந்து விழும். ஆபத்தைக் குறைக்க வெட்டியதே புது ஆபத்து.

#11 மேட்டு_லேஅவுட்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. 2 அடி மண்ணுக்குக் கீழே பாறை என்றால் பெரிய மரம் நிற்குமா? இன்னொன்று, சங்கத்தில் ஒருவர் மியாவாக்கி (ஜப்பானிய அடர்நடவு முறை) போடலாம், மூன்று வருடத்தில் காடு என்கிறார்.

#12 கல்லுக்கட்டு

2 அடி மண் போதும், ஆனால் பரப்பு வேண்டும். நகர மரங்களுக்கு ஒரு வழக்கமான கணக்கு: மரம் விரியும் ஒவ்வொரு சதுர அடிக்கும் 1லிருந்து 2 கன அடி வேர் மண். உங்களிடம் 2 அடி ஆழம் இருப்பதால் விரிப்புக்குக் கீழே இருக்கும் மண் முழுவதும் திறந்திருந்தாலே கணக்கு முடிந்தது. வேரில் பெரும்பகுதி மேல் 2 அடிக்குள்தான் படுக்கும்.

எங்கே கெடும் என்றால், அந்த விரிப்புக்குக் கீழே பேவர் பிளாக் போடுவார்கள். பிளாக்குக்காக ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டுவார்கள். இறுகிய அந்த அடுக்குக்குள் காற்றும் போகாது வேரும் போகாது, உங்கள் 2 அடி மண் காகிதத்தில் மட்டும் இருக்கும். நடைபாதை 1.5 மீட்டர் அகலத்துக்கு மேல் வேண்டாம். மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, முடிந்தால் கிராவல் பாதை. கட்டுமான வேலை நடக்கும்போது லாரியும் ஜேசிபியும் மரம் வைக்கப்போகும் இடத்தில் ஏறாமல் கயிறு கட்டிவிடுங்க. ஈரமண்ணில் ஒருமுறை லாரி ஏறினாலே இறுகிப்போகும்.

பட்டியலுக்கு முன்னால் செய்ய வேண்டியது சோதனைக் குழி. ஆறு இடத்தில் ஓரடிக்கு ஓரடி, 2 அடி ஆழம் தோண்டுங்க. தண்ணீர் நிரப்பி ஒருமுறை வடிய விட்டு மறுபடி நிரப்புங்க. இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் சுக்கான் கிண்ணம் மாதிரி தேக்குகிறது, மழைக்காலத்தில் வேர் அழுகும். அங்கே கடப்பாரையால் அடித்தட்டை உடைத்து வழி விடலாம். உடையாத பாறை என்றால் 2.5 மீட்டர் அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்க. வடியும் இடத்தில் பெரிய மரம், வடியாத இடத்தில் பெஞ்சும் ஊஞ்சலும். இடம்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்கணும்.

#13 கிளுவைவேலி

மியாவாக்கி பற்றி நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், முழுக்க ஒதுக்க வேண்டாம். சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று வைக்கும் முறை அது. 40 சென்ட் முழுக்கப் போட்டால் 5,000 கன்று, உள்ளே ஆள் நுழைய முடியாது, பூங்காவே இருக்காது. ஆனால் ஓடையோரம் 4 மீட்டர் அகலப் பட்டையாக, நொச்சி, ஆடாதோடை, விராலி, உசிலை எல்லாம் அடர்த்தியாக வைத்தால் தூசி அடங்கும், குருவி வரும்.

#14 சனத்குமார்நதி

பட்டையா வெக்கறது சரி, அதுக்கு மியாவாக்கின்னு பேர் வைக்க வேண்டியதில்லைங்க, நம்ம ஊர் உயிர்வேலிதான். வருச மழை 850 மில்லிமீட்டர் சுமார். சதுர மீட்டருக்கு நாலு மரக்கன்னு இந்த மழைக்கு ஒண்ணையொண்ணு குடிச்சுத் தீர்க்கும். தண்ணி விடுற ரெண்டு மூணு வருசம் ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும், நிறுத்தின கோடையில பாதி காயும். காஞ்ச குச்சிக்கு நடுவுல எவனாவது பீடி போட்டா அவ்வளவுதான்.

இன்னொண்ணு: குழந்தைங்க, பொம்பளைங்க சாயங்காலம் வர்ற இடத்துல கண்ணு மறைக்கிற புதர் கூடாது. பாதையோரச் செடி இடுப்புக்குக் கீழே, 75 சென்டிமீட்டருக்குள்ள. மரக்கிளை தலைக்கு மேல, 2.2 மீட்டருக்கு அப்பால. நடுவுல பார்வை திறந்திருக்கணும். அடர்வேலி எல்லை ஓரத்துல மட்டும்.

#15 மேட்டு_லேஅவுட்

அப்படியானால் பாதையோரத்துக்கும் வேலிக்கும் என்ன? ஆடு உள்ளே வருகிறது, கேட் இன்னும் போடவில்லை. அரளி வைக்கலாமா? நாற்கரச் சாலை நடுவே அதுதானே நிற்கிறது, தண்ணீரே விடாமல்.

#16 நாற்றுப்பை

அரளி சாலை நடுவுக்குச் சரி, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் சரியில்லை. இலை, பூ, குச்சி எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். பொன்னரளிக் காய் அதைவிட மோசம், குழந்தை கையில் எடுத்து விளையாடும் அளவில் கீழே கிடக்கும். ஆடு தொடாது என்பதற்கான காரணமே அதுதான்.

ஆடு தொடாத, நஞ்சும் இல்லாத வேலிக்கு ஆடாதோடை. பென்சில் கனத்தில் முக்கால் அடிக் குச்சி, மூன்று கணு மண்ணுக்குள், மழைக்காலத்தில் நேரே ஊன்றலாம். நொச்சியும் அப்படித்தான். வெயில் கொளுத்தும் தெற்கு எல்லைக்கு மருதாணி: ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, கோணல்மாணலாக. 60 மீட்டருக்கு 270 செடி சுமார் பிடிக்கும். முதல் வருடம் முழங்கால் உயரம் வந்ததும் பாதியாக வெட்டிவிட வேண்டும். மனசு வராது, ஆனால் வெட்டாவிட்டால் அடியில் இலை இல்லாமல் குச்சியாக நிற்கும், ஆடு அந்த இடுக்கில்தான் நுழையும். முள் கொஞ்சம் உண்டு, பாதையோரம் வேண்டாம்.

பாதையோரத்துக்கு நந்தியாவட்டையில் குட்டை வகை, மயில்கொன்றையைக் கத்தரித்து, அப்புறம் ஆவாரை. ஆவாரை நம்ம மாவட்டத்தில் ரோட்டோரமே மஞ்சளாக நிற்கிறது, நர்சரியில் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கன்றைப் பிடுங்கி நட்டால் பிடிக்காது, விதைதான். விதைத்தோல் கடினம், மணலோடு தேய்த்து ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மழைக்கு முன்னால் அரை அங்குல ஆழத்தில் குழிக்கு நாலு விதை. முளைத்த பிறகு தண்ணீர் விட்டுக் கொஞ்சினால் வேர் அழுகும். மற்ற செடியோடு ஒரே குழாயில் சேர்க்காதீர்கள்.

உன்னிச்செடியை (லன்டானா) கலர் கலராக நர்சரியில் காட்டுவார்கள். காட்டைப் பாழாக்கியது போதும், பூங்காவுக்கும் அழைக்க வேண்டாம்.

#17 கல்லுக்கட்டு

ராயல் பாம் விட்டுப்போச்சு. ஒரு மட்டை 3 மீட்டருக்கு மேல் நீளம், காய்ந்ததும் அடிப்பாளையோடு மொத்தமாக விழும், வாசலில் நிற்பவர் தலையில். தண்ணீரும் நிறையக் கேட்கும். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கணும் என்றால் வையுங்க.

#18 நாற்றுப்பை

நடுகை விவரம் யாரும் எழுதவில்லை, சாவதெல்லாம் அங்கேதான்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். சின்னப் பையில் எட்டடி நிற்கும் கன்று நர்சரியில் விற்காமல் கிடந்தது. தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், மண்கட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியாக அசைந்தால் வேர் பிடிப்பு இல்லை. பையின் அடியைப் பாருங்கள், தடித்த வேர் வெளியே வந்து அறுக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். ஆச்சாவைத் தவிர மற்றவற்றுக்கு 5, 6 அடி உயரம், கட்டைவிரல் கனத் தண்டு, 12க்கு 15 அங்குலப் பை போதும்.

குழி 3 அடிக்கு 3 அடி, ஆழம் மண்கட்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆழத்தைவிட அகலம்தான் பயன். ஜேசிபி பக்கெட் குழியின் சுவரைப் பூசின மாதிரி வழவழப்பாக்கிவிடும், வேர் அதை முட்டித் திரும்பி வட்டமடிக்கும். கடப்பாரையால் சுவரைச் சுற்றிலும் கொத்திவிடுங்கள். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, அதில் நாலில் ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுஉரம், அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு. மக்காத எரு போட்டால் செம்மண்ணில் கரையான் தேடி வந்து பட்டையைச் சுற்றித் தின்றுவிடும். வெளியே மண்பூச்சு தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிடுங்கள், ஓட்டை போட்டு அப்படியே புதைக்கும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. சுருண்ட வேர் இருந்தால் மண்கட்டியின் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக ஓரங்குல ஆழத்துக்குக் கத்தியால் கீறுங்கள், அடியில் ஓரங்குலம் வெட்டி எறியுங்கள். வேரும் தண்டும் சேரும் இடம் தரை மட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்த கன்று இரண்டு மூன்று வருடம் கழித்துக் காரணமில்லாமல் வாடும்.

குச்சி இரண்டு, தண்டுக்கு இரு பக்கமும், தேங்காய்க் கயிறால் எட்டு வடிவில் தளர்வாக. தண்டு கொஞ்சம் ஆடினால்தான் தடிக்கும். ஒரு வருடத்தில் அவிழ்க்க வேண்டும், நைலான் கயிறு பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும். மூடாக்கு 3 அங்குலம், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி.

#19 மேட்டு_லேஅவுட்

எந்த மாதம்? ஆடியில் நடலாம் என்கிறார்கள்.

#20 சனத்குமார்நதி

ஆடிக்காத்துல இலை வழியா ஈரம் போற வேகத்துக்குப் புதுவேர் ஈடு குடுக்காது. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுவுக்குள்ள முடிங்க. நம்ம பக்கம் நல்ல மழை செப்டம்பர், அக்டோபர்லதான். கார்த்திகை வரைக்கும் ஈரம் இருக்கும், தை மாசத்துக்குள்ள வேர் பிடிச்சிரும். குழியை ஒரு மாசம் முன்னாலயே வெட்டி ஆற விடுங்க.

தண்ணி முதல் கோடை மூணு நாளைக்கு 20 லிட்டர். ரெண்டாவது கோடை வாரம் 40 லிட்டர், மூணாவது கோடை பதினஞ்சு நாளைக்கு 80. தினம் ரெண்டு வாளி ஊத்துனா வேர் மேலேயே சுத்தும், பாறைக்குக் கீழ எட்டிப் பார்க்காது. பாத்தியை வருசா வருசம் வெளியே தள்ளிப் பெருசாக்கணும். மரம் நுனிவேர்லதான் குடிக்குது, நாலு வருசம் ஆன மரத்துக்கும் தண்டோரமே ஊத்துறாங்க.

#21 கம்பிக்குக்கீழே

குழி தோண்டும் முன் ஒன்று. பூங்கா இடம் லேஅவுட் அனுமதியின்போதே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் போயிருக்கும். சங்கம் பராமரிக்கலாம், ஆனால் எழுத்து அனுமதி வாங்கிக்கொண்டு நடுங்கள், குடிநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தையும் அங்கேயே கேளுங்கள். குழாயிலிருந்து பெரிய மரம் 3 மீட்டர் தள்ளி. மூட்டில் கசிவு இருந்தால் வேர் அந்த ஈரத்தைத் தேடி வரும்.

#22 மேட்டு_லேஅவுட்

கடைசியாக அந்த 14 கோனோகார்பஸ். நன்றாகப் பச்சையாக இருக்கிறது, உப்புத் தண்ணீரிலும் வாடவில்லை. எடுக்கச் சொன்னால் சங்கத்தில் அடி விழும். விட்டு வைத்தால்தான் என்ன?

#23 கிளுவைவேலி

வாடாது, அலையாத்திக் காட்டு ஓரத்து மரம், உப்பு அதற்குப் பழக்கம். வேர் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகும், மகரந்தம் ஒவ்வாமை கிளப்பும் என்ற புகார்களில்தான் குஜராத் அரசு 2023-ல் அதை நடத் தடை போட்டது. உங்கள் மேற்கு வரிசைதான் சாயங்கால நிழலுக்கு முக்கியமான இடம், அங்கே அது நின்றால் வேப்பமரமும் புளியும் வளர இடமில்லை.

#24 கல்லுக்கட்டு

சண்டை வேண்டாம் என்றால் இரண்டு தவணையாகச் செய்யுங்க. இந்தப் புரட்டாசியில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழு எடுத்து, அந்த வெளியில் பெரிய மரத்தை உள்தள்ளி நடுங்க. மீதி ஏழு இரண்டு கோடைக்குப் புதுக் கன்றுக்கு மேல்காற்றுத் தடுப்பாக நிற்கட்டும், இடுப்பளவில் கத்தரித்து. அதற்குள் புதியது எட்டடி வந்திருக்கும், அப்போது எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எடுக்கும்போது வெட்டிவிட்டுப் போகக் கூடாது, அடியிலிருந்து மறுபடி கொத்தாகத் துளிர்க்கும். ஆள் உயரத்தில் இருக்கும்போதே, நல்ல மழை பெய்து மண் ஊறிய மறுநாள், சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கட்டையோடு பிடுங்கணும். அந்தக் குழியிலேயே புதுக் கன்றை நடாதீங்க. இரண்டு மீட்டர் தள்ளிப் புதுக்குழி. பழைய குழியில் மீந்த வேர் துளிர்க்கிறதா என்று ஆறு மாதம் பார்த்துக் கிள்ளிவிடுங்க.